கன்றின் குடற்புழுக்கள்: ஊரில் மாடு, சிங்கப்பூரில் நாம்
அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் மாடு எங்கே இருக்கிறது? இந்தப் பக்கம் யாருக்காக?

மாடுகள் நிறைந்திருந்த ஊர்தான் இது. தேக்காவில் பஃபலோ ரோடும் கெர்பாவ் ரோடும் அந்த நாளைய மாட்டு வணிகத்தின் மிச்சம். கேகே மருத்துவமனையின் பெயரிலுள்ள ‘கேகே’ என்பது கண்டாங் கெர்பாவ், மலாய் மொழியில் எருமைத் தொழுவம். டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவில் வாலஸ் கல்வி நிலையமாக நிற்கும் கட்டடம் ஒரு காலத்தில் மாட்டுக் கொட்டகை. இப்போது பொங்கல் சமயத்தில் லிட்டில் இந்தியாவுக்கு அழைத்துவரப்படும் மாடுகளைப் பார்த்தால்தான் நம் பிள்ளைகளுக்கு மாட்டின் வாசனை தெரிகிறது.

ஆனால் இங்கே வேலை செய்யும் பலருக்கு மன்னார்குடியிலோ அறந்தாங்கியிலோ ஒரு பசு இருக்கிறது. சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த பசு. அது கன்று ஈன்றதும் வீடியோ அழைப்பு வரும். பத்துப் பதினைந்து நாளில் இன்னோர் அழைப்பு வரும், கன்று கழிகிறது என்று. நான் ஊரில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு இங்கே வேறு துறையில் இருப்பவன். என்னிடம் கேட்பவர்கள் எல்லாரும் மருந்தின் பெயரைத்தான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, கன்றுக்கு இன்றோடு எத்தனை நாள் என்பதைத்தான். அந்த எண் தெரிந்தால் எந்தப் புழு என்பதைப் பாதி சொல்லிவிடலாம்.

கன்று இன்னும் புல்லையே கடிக்கவில்லை. பிறகு புழு எப்படி வந்தது?

தாய்ப்பாலில் வந்தது. டாக்ஸோகாரா விட்டுலோரம் என்ற பெரிய உருண்டைப்புழுவின் வழி இது. பசு, எருமை இரண்டின் கன்றுகளையும் பிடிக்கும்; எருமைக் கன்றுகளை இன்னும் கடுமையாக.

கதை போன தலைமுறையில் தொடங்குகிறது. கொட்டகை மண்ணில் கிடக்கும் புழு முட்டையை, தீவனத்தோடோ மண்ணை நக்கியோ, வளர்ந்த மாடு ஒன்று விழுங்குகிறது. முட்டை குடலில் பொரிக்கிறது. ஆனால் அங்கே வளர்வதில்லை. குடல் சுவரைத் துளைத்து வெளியேறி ஈரல், நுரையீரல், தசை என்று போய் உறங்கிவிடுகிறது. மாட்டுக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. சாணத்தைச் சோதித்தாலும் ஒன்றும் கிடைக்காது. அந்த மாடு சினையாகி ஈனும் நாள் நெருங்கும்போது உறங்கிய இளம்புழுக்கள் விழித்து மடிக்கு நகர்கின்றன. ஈன்ற பிறகு வரும் முதல் ஏழெட்டு நாள் பாலில்தான் அவை பெரும்பாலும் இறங்குகின்றன.

கன்றின் குடலுக்கு வந்த இளம்புழு வேறெங்கும் அலையாது. நேரே அங்கேயே வளர்கிறது. மூன்று முதல் நான்கு வாரத்தில் முழுப்புழு. சுமார் 30 சென்டிமீட்டர் நீளம், அரை சென்டிமீட்டர் தடிமன், வெளிறிய நிறம். பத்து இருபது சேர்ந்து சுருண்டு கிடந்தால் சின்னஞ்சிறு கன்றின் குடல் அடைபட்டுப்போகும். சில சமயம் கிழிந்தும் போகும். இதற்குள் பெண்புழுக்கள் முட்டையிடத் தொடங்கியிருக்கும். ஒரு கன்றின் சாணத்தில் ஒரு நாளில் லட்சக்கணக்கில் முட்டைகள் வெளியேறும்.

சில மாதங்களில் கன்று வளர்ந்து தானாகவே இந்தப் புழுக்களைத் தள்ளிவிடுகிறது. அதைப் பார்த்து, சரியாகிவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். கொட்டகை மண்ணில் விழுந்த முட்டைகள் சரியாகிவிடவில்லை. தடித்த ஓடு உள்ள அந்த முட்டை நம் வெயிலிலும் ஈரத்திலும் இரண்டு வாரம் போல இருந்தால் தொற்றும் நிலைக்கு வந்துவிடும்; நிழலான ஈரமண்ணில் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். அதைத் தின்னும் கிடேரிக் கன்று இரண்டு மூன்று ஆண்டு கழித்துத் தாயாகும்போது தன் கன்றுக்குப் பாலில் ஊட்டும்.

அப்படியானால் சீம்பாலை நிறுத்திவிடலாமா?

கூடவே கூடாது. இந்தக் கேள்விக்கு மட்டும் நான் குரலை உயர்த்திவிடுவேன். கன்று நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாமல்தான் பிறக்கிறது. சீம்பாலில் இருக்கும் எதிர்ப்புப் புரதங்களைக் குடல் முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக உறிஞ்சும். ஒரு நாள் கழிந்தால் அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிடும். பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால், முதல் சில மணி நேரத்துக்குள் அதில் பெரும்பகுதி. முப்பது கிலோ கன்றுக்கு மூன்று லிட்டர். புழுவை மருந்தால் தீர்க்கலாம். சீம்பால் குடிக்காத கன்றைத் தீர்த்துவைக்க மருந்து கிடையாது.

சினைப் பசுவுக்கே முன்கூட்டி மருந்து கொடுத்தால்?

தசையில் உறங்கும் இளம்புழுவை வழக்கமான குடற்புழு மருந்துகள் பெரும்பாலும் தொடுவதில்லை. பசுவின் சொந்தக் குடலில் இருக்கும் வேறு புழுக்களுக்கு அது பயன்படலாம். கன்றைக் காக்கும் என்று நம்ப வேண்டாம். இன்னொன்று: சினையின் தொடக்க மாதங்களில் அல்பெண்டசோல் கொடுப்பது கருவுக்கு ஆபத்து. கடையில் கேட்டு வாங்கி ஊற்றிவிடுகிறார்கள், அதனால் சொல்கிறேன்.

சரி, கன்றுக்கு எத்தனையாவது நாள் கொடுப்பது?

பத்தாம் நாளிலிருந்து பதினாறாம் நாளுக்குள் முதல் மருந்து.

ஏன் அந்த நாட்கள் என்றால், பாலில் வரவேண்டிய புழுக்கள் அதற்குள் பெரும்பாலும் வந்து சேர்ந்திருக்கும்; எதுவும் முட்டையிடும் வயதை எட்டியிருக்காது. மூன்றாம் நாளில் கொடுத்தால் நாளைக்கு வரும் புழு தப்பித்துவிடும். நாற்பதாம் நாளில் கொடுத்தால் புழு சாகும், கன்று பிழைக்கும், ஆனால் கொட்டகை மண் முட்டைகளால் நிரம்பியிருக்கும். மருந்து கொடுத்த நாளில் உள்ளே இருக்கும் புழுவை மட்டுமே பெரும்பாலான மருந்துகள் கொல்லும். நாளை வருவதைத் தடுக்கும் வேலை அவற்றுக்கு இல்லை. பைரான்டெல், லெவமிசோல், ஃபென்பெண்டசோல், பைபரசின் ஆகியவற்றில் எது என்பதை அங்கிருக்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும். நாளைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நீங்கள். கன்று பிறந்த அன்றே கைப்பேசியில் நினைவூட்டல் போட்டுவிடுங்கள். ஊரிலிருப்பவர்களுக்கு இங்கிருந்து செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.

அதன் பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது தமிழ்நாட்டில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. தொற்று அதிகமுள்ள ஈரப் பகுதிகளில் அது நியாயமானது. என்னைக் கேட்டால், முதல் மருந்தைத் தவிர மற்றவற்றைச் சாணப் பரிசோதனையைப் பார்த்தே கொடுப்பேன். காலண்டரைப் பார்த்து ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப ஊற்றினால், மருந்துக்கு அடங்காத புழுக்களைத் தேடித் தேடி வளர்ப்பதாகிவிடும்.

கன்றின் வாயிலிருந்து ஒரு மாதிரி நாற்றம் வருகிறது, சாணம் களிமண் நிறத்தில் இருக்கிறது.

மூன்று வாரத்தைக் கடந்த கன்றாக இருந்தால் மேலே சொன்ன பெரிய உருண்டைப்புழுவைத்தான் முதலில் சந்தேகிப்பேன். புளித்துக் கெட்ட வெண்ணெய் நாற்றம் அது. வயிறு உப்பி, முடி சிலிர்த்து, பால் குடித்தும் தேறாமல் நிற்கும்.

கொட்டகையில் மரத்தூள் போடலாமா?

காய்ந்திருக்கும்வரை நல்லது. நனைந்தால் ஸ்ட்ராஞ்சிலாய்டிஸ் என்ற நூல்புழுவுக்குக் கொண்டாட்டம். இந்தப் புழு விசித்திரமானது. குடலில் வாழ்வது பெண் மட்டுமே; ஆணின் துணை இல்லாமலே முட்டையிடும். சாணத்தில் பொரித்த குஞ்சுகளில் சில மண்ணிலேயே ஆணும் பெண்ணுமாக வளர்ந்து ஒரு தலைமுறையை வெளியிலேயே நடத்திவிடும். தொற்றும் நிலையை அடைந்த இளம்புழு கன்றின் வாய் வழியாகப் போகக் காத்திருக்காது; படுத்திருக்கும் கன்றின் தோலைத் துளைத்து ரத்தம், நுரையீரல் வழியாகக் குடலுக்குப் போய்ச் சேரும். தாய்ப்பால் வழியும் இதற்குத் தெரியும். ஜப்பானில் வெப்பமும் ஈரமும் மிகுந்த காலத்தில் மரத்தூள் படுக்கையில் வளர்ந்த கன்றுகள் நோய் அறிகுறி இல்லாமல் திடீரென்று சுருண்டு விழுந்து இறந்ததற்கு இதன் கடும் தொற்றுதான் காரணம் என்று கண்டறிந்தார்கள்.

ஆகவே எதைப் போட்டாலும் காய்ந்திருக்கட்டும். ஈரமானதை அன்றன்றே அள்ளுங்கள்.

புழு மருந்து இரண்டு முறை கொடுத்தாயிற்று. ரத்தக் கழிச்சல் நிற்கவில்லையே?

அது புழுவாக இருக்காது. எய்மீரியா என்ற ஒற்றைச் செல் உயிரி; காக்சிடியா நோய் என்பார்கள். புழு மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மூன்று வாரம் முதல் ஆறு மாதம் வரையுள்ள கன்றுகளில் பார்க்கலாம். பால் மறக்கடித்த வேளை, நெருக்கிக் கட்டிய கொட்டகை, தொடர் மழை என்று ஏதாவது ஒரு நெருக்கடிக்குப் பின்னால் வரும்.

சாணத்தில் வெளியேறும் முட்டை போன்ற அதன் உறை, புதிதாக இருக்கும்போது தொற்றாது. ஈரமும் காற்றும் வெதுவெதுப்பும் கிடைத்தால் இரண்டு மூன்று நாளில் முதிர்ந்து தொற்றும் தகுதி பெறும். கன்று அதை விழுங்கியதும் உள்ளிருந்து வெளிவரும் நுண்ணுயிர்கள் குடல் செல்களுக்குள் புகுந்து பெருகுகின்றன. எய்மீரியா போவிஸ் என்ற இனத்தின் முதல் சுற்றுப் பெருக்கத்தில் ஒரே ஒரு செல் வீங்கி, வெறும் கண்ணுக்கே வெள்ளைப் புள்ளியாகத் தெரியும் அளவுக்கு வளர்ந்துவிடும். வெடிக்கும்போது அதிலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்ணுயிர்கள் கிளம்பும். அவை பெருங்குடலுக்கு இறங்கி அங்கே இன்னொரு சுற்றுப் பெருகி, பிறகு ஆணும் பெண்ணுமாகப் பிரிந்து கூடும் கட்டத்தில்தான் குடல் உட்சுவர் உரிந்து ரத்தம் வருகிறது. விழுங்கிய நாளிலிருந்து கணக்கிட்டால் அது பதினைந்து முதல் இருபத்தோராம் நாள்.

நீங்கள் ரத்தத்தைப் பார்க்கும் நாளில் அந்த உயிரியின் வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. அப்போது கொடுக்கும் ஆம்ப்ரோலியமோ சல்ஃபாவோ அந்தக் கன்றுக்கு ஓரளவுதான் உதவும். உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் விடாமல் கொடுப்பதுதான் அதைப் பிழைக்கவைக்கும். மருந்து உண்மையில் காப்பாற்றுவது கூடவே கட்டியிருக்கும், இன்னும் கழியத் தொடங்காத மற்றக் கன்றுகளை. ஒரு கன்று கழிந்தால் மருத்துவரிடம் எல்லாக் கன்றுகளையும் பற்றிக் கேளுங்கள்.

பினாயில் ஊற்றிக் கழுவினேன் என்பார்கள். எய்மீரியா உறைக்குப் பினாயில் ஒரு பொருட்டே இல்லை. வெயிலும் ஈரமில்லாத தரையும்தான் அதற்கு எதிரி. சாணத்தை நாள்தோறும் அள்ளினால் முதிர்வதற்கு அவகாசமே கிடைக்காது. தண்ணீர்த் தொட்டியையும் தீவனத்தையும் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள்.

சாணத்தில் அரிசி போல வெள்ளையாக இருக்கிறது.

மொனீசியா என்ற நாடாப்புழுவின் உடல் துண்டுகள். புல்லில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணி வகை ஒன்றை மேயும்போது விழுங்குவதால் வருகிறது. பார்க்கப் பயங்கரம், கெடுதல் குறைவு. பதற வேண்டாம்.

மேய்ச்சலுக்குப் போகத் தொடங்கியபின் கன்று வெளுத்துப்போனது, தாடைக்குக் கீழ் பை போல வீக்கம்.

இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, புல் வழி வரும் உருண்டைப்புழுக்கள். ஹீமோங்கஸ், கூப்பீரியா, கொக்கிப்புழு என்று ஒரு பெரிய குடும்பம். முட்டை சாணத்தில் விழுந்த ஒரு நாளுக்குள் பொரிக்கிறது. குஞ்சு சாணத்துக்குள்ளேயே பாக்டீரியாவைத் தின்று இரண்டு முறை தோலுரிக்கிறது. இரண்டாம் முறை பழைய தோலைக் கழற்றாமல் போர்வையாக வைத்துக்கொள்கிறது. அந்தப் போர்வைக்குள் அது எதையும் தின்ன முடியாது, சேமிப்பில்தான் வாழவேண்டும். வெயில் நாட்டில் ஐந்து முதல் ஏழு நாளில் இந்த நிலை வந்துவிடும். மழை சாணத்தைக் கரைத்ததும், புல்லின் மேல் படிந்த ஈரத்தில் நெளிந்து ஏறிக் கன்றின் வாய்க்குக் காத்திருக்கும். உள்ளே போன மூன்று வாரத்தில் முட்டையிடும்.

ஹீமோங்கஸ் நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் உறிஞ்சுவது. ஒரு புழு ஒரு நாளைக்கு 0.05 மில்லிலிட்டர் போலக் குடிக்கிறது. ஆயிரம் புழு இருந்தால் நாளைக்கு 50 மில்லிலிட்டர். கன்றின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். சிவப்பாக இருக்கவேண்டிய உட்புறம் காகிதமாக வெளுத்திருக்கும். ரத்தத்தில் புரதம் குறைந்து நீர் கோத்துக்கொள்வதுதான் தாடை வீக்கம்.

காவிரிப் படுகையில் ஐப்பசி, கார்த்திகை மழைதான் இதற்குப் பருவம். நம் சிங்கப்பூர் போல ஆண்டு முழுதும் மழை பெய்யும் இடத்தில் எல்லா மாதமும் பருவம். ஆனால் வெப்பம் இரண்டு பக்கமும் வெட்டும்: சூடு ஏற ஏற அந்தப் போர்வைக்குள் இருப்பதன் சேமிப்பும் வேகமாகக் கரையும். குளிர் நாட்டில் பனிக்காலத்தையே தாண்டிவிடும் இளம்புழு, நம் பக்கத்து வெயிலில் சில வாரங்கள், மிஞ்சினால் இரண்டு மூன்று மாதங்களில் பட்டினியால் சாகும். மேய்ச்சல் நிலத்தை அந்தக் காலத்துக்குச் சும்மா விட முடிந்தால் நல்லது. முடியாவிட்டால், பனி காய்ந்த பிறகு ஓட்டிப் போகச் சொல்லுங்கள். கன்றுகளைப் பெரிய மாடுகள் மேய்ந்து அரித்த தரையில் விடாமல் நல்ல புல்லில் முதலில் விடச் சொல்லுங்கள்.

இரண்டாவது வழி நத்தை. வாய்க்கால் ஓரம், ஏரிக்கரை, தேங்கிய வயல் என்று மேய்ந்த கன்றானால் ஆம்பிஸ்டோம் என்ற தட்டைப்புழுவை நினைக்கவேண்டும். நத்தைக்குள் பெருகி, வெளியே வந்து, நீரோரப் புல்லில் உறைகட்டி ஒட்டிக்கொள்கிறது. விழுங்கிய பின் அதன் குஞ்சுகள் சிறுகுடலின் தொடக்கத்தில் வாரக்கணக்கில் தங்கிச் சுவரை அரிக்கும். பிறகே முன்னோக்கி நகர்ந்து பெருவயிற்றுக்குப் போய் முட்டையிடும். துர்நாற்றமுள்ள நீர்க்கழிச்சல் வருவது குஞ்சுப் பருவத்தில். அப்போது சாணத்தில் முட்டையே இருக்காது! பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று சீட்டு வந்தாலும், நீரோர மேய்ச்சல் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

ஐவர்மெக்டின் ஊசி ஒன்று போட்டால் எல்லாம் போய்விடும் என்கிறார்களே?

பெரிய மருந்துதான், ஜப்பான் மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து வந்தது. அதற்காகச் சதோஷி ஓமுராவும் வில்லியம் கேம்ப்பெல்லும் 2015-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனாலும் நாடாப்புழு, தட்டைப்புழு, எய்மீரியா மூன்றையும் அது தொடாது. சாணத்தில் வெளியேறும் மருந்து, சாணத்தை உருட்டி மண்ணுக்குள் புதைக்கும் வண்டுகளையும் பாதிக்கும். இலவசமாக நமக்குத் துப்புரவுப் பணி செய்பவை அவை. கறவை மாட்டுக்குப் போட்டால் பாலை எத்தனை நாள் கொட்டவேண்டும் என்பதைக் கேட்காமல் போடக்கூடாது.

வேப்பிலை, குப்பைமேனி, பாகற்காய்?

அம்மாக்கள் கொடுப்பதைத் தடுக்கமாட்டேன். பெரிய கன்றுக்குக் கொஞ்சம் உதவலாம். பதினைந்து நாள் கன்றின் உருண்டைப்புழுவுக்கு அதை மட்டும் நம்பிக் காத்திருப்பதை ஏற்கமாட்டேன்.

சாணத்தை எப்படி எடுத்துச் செல்வது?

தரையில் கிடப்பதை எடுக்காதீர்கள். உறை போட்ட விரலால் ஆசனவாயிலிருந்தே எடுத்து, மூடியுள்ள சிறு டப்பாவை நிரம்ப அடைத்து, பனிக்கட்டியோடு அன்றே கொண்டுபோகவேண்டும். வெயிலில் வைத்தால் உருண்டைப்புழு முட்டைகள் வழியிலேயே பொரித்துவிடும்.

அங்கே செய்வது எளிய வேலை. சாணத்தைத் தெவிட்டிய உப்புநீரில் கரைத்து வடிகட்டிக் குழாயின் விளிம்புவரை நிரப்பி, மேலே ஒரு கண்ணாடித் துண்டை வைப்பார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முட்டைகள் மிதந்து அந்தக் கண்ணாடியில் ஒட்டும். நுண்ணோக்கியில் டாக்ஸோகாரா முட்டையை ஒருமுறை பார்த்தால் மறக்காது: உருண்டை, தடித்த ஓடு, ஓடெங்கும் அம்மைத் தழும்பாகக் குழிகள். புல் வழி வரும் புழுக்களின் முட்டை நீள்வட்டம், மெல்லிய ஓடு, உள்ளே பிளவுபட்டுக்கொண்டிருக்கும் செல்கள். தட்டைப்புழு முட்டை கனமானது, மிதக்காது. அதற்குப் படியவைத்துப் பார்க்கும் முறை வேறு.

பொங்கலுக்கு மாடு பார்க்கக் குழந்தையைக் கூட்டிப்போகலாமா? புழு தொற்றுமா?

கூட்டிப்போங்கள். இதுவரை சொன்ன புழுக்களில் பெரும்பாலானவை மாட்டோடு நின்றுவிடும். எய்மீரியாவும் மனிதருக்கு வராது.

கவனிக்கவேண்டியது கிரிப்டோஸ்போரிடியம் பார்வம். ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு அளவுள்ள உயிரி. முக்கியமாக முதல் மூன்று நான்கு வாரக் கன்றுகளுக்குக் கழிச்சல் தருவது. எய்மீரியாவைப் போல முதிர்வதற்கு நாள் கேட்காது. வெளியேறும்போதே தொற்றத் தயார். மனிதரையும் தொற்றும். ஒரு வாரம் கழித்து நீர்க்கழிச்சல், வயிற்றுவலி; ஆரோக்கியமானவர்களுக்கு இரண்டு வாரம்போல இருந்து தானே அடங்கும். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், நோய் எதிர்ப்புக் குறைந்தவர்களுக்கு இது விளையாட்டில்லை.

நம் எல்லார் பையிலும் தொங்கும் கைச்சுத்திகரிப்புத் திரவம் இதைக் கொல்லாது. நீச்சல் குளத்து குளோரினிலும் நாள்கணக்கில் பிழைத்திருக்கும். சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுவதுதான் வழி. கன்றைத் தடவிய கையோடு பிள்ளை வடையைக் கடிப்பதற்கு முன் கழுவுமிடம் எங்கே என்று பார்த்து வையுங்கள். கழிச்சல் வந்த பிள்ளையை நின்றபிறகும் இரண்டு வாரம் குளத்தில் இறக்காதீர்கள்.

மாட்டிறைச்சி சாப்பிடுபவர்களுக்கு நாடாப்புழு வரும் என்பது?

அது மொனீசியா அல்ல, டீனியா சாஜினேட்டா. முழுப்புழு இருப்பது மனிதக் குடலில். மனித மலம் கலந்த புல்லையோ நீரையோ உட்கொண்ட மாட்டின் தசையில் அதன் குஞ்சு உறைகட்டும். மாட்டுக்கு நாம் கொடுக்கும் நோய். இறைச்சியை நன்றாக வேகவைத்தால் போதும்.

இங்கிருந்து மருந்து வாங்கி அனுப்பலாமா?

தேவையில்லை. அரசுக் கால்நடை மருந்தகம் அங்கே பக்கத்திலேயே இருக்கும். அதைவிட, தையற்காரர் பயன்படுத்தும் அளவுநாடா ஒன்றை அனுப்புங்கள். கண்மதிப்பில் எடையைக் குறைத்துச் சொல்லி, மருந்தைக் குறைவாக ஊற்றுவதுதான் நான் கேட்கும் கதைகளில் பாதி. முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். அதை அதனாலேயே பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து பின்புட்ட எலும்புவரை உள்ள நீளத்தால் பெருக்குங்கள். 660-ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். சுற்றளவு 30, நீளம் 28 என்றால் சுமார் 38 கிலோ. சின்னக் கன்றுக்கு இது தோராயம்தான். ஆனாலும் அந்த எண்ணையும் பிறந்த தேதியையும் ஒரே தாளில் எழுதி எடுத்துப்போனால் மருத்துவர் அளவைச் சரியாகச் சொல்லிவிடுவார்.